மூணாங்கட்டை வளைவு

எதிரே வரும் வண்டி இரண்டு தரம் கண் சிமிட்டும்.
அவ்வளவுதான் செய்தி.
அரை மைல் தள்ளி, செம்பனை நிழலில்,
சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு
மூன்று கால் கருவியோடு
கோப்பரல் ரொஸ்லான் உட்கார்ந்திருக்கிறார்.

பகாவ் சாலையில் இந்த மொழிக்கு அகராதி இல்லை.
கோழி லோரி ஓட்டும் சீனக் கிழவர்,
தலைத்துணி காற்றில் படபடக்கப் போகும் மலாய் டீச்சர்,
உரமூட்டைக்கு மேல் ஆளையும் ஏற்றிவரும்
நம்ம வடிவழகன்,
எல்லாரும் சரளமாகப் பேசுகிறோம்,
ஸ்டீயரிங் ஓரத்துக் குச்சியை இழுத்து.
முகம் பார்த்ததில்லை.
ஓட்டுப் போடும்போதுகூட
இத்தனை ஒற்றுமையாய் இருந்ததில்லை நாங்கள்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள்.
பதினோரு பிள்ளைகள்,
அவர்களைவிடக் கனமான பதினோரு பைகள்.
என் பேரிலும் ஒரு சம்மன் வந்தது:
வெறும் வேனில், எண்பத்து நான்கில், நூற்றைம்பது வெள்ளி.
பாதிக் கழிவு அறிவித்த வாரம்
வரிசையில் நின்று கட்டினேன்.
எனக்கு முன்னால் நின்றவர்
தன் பதினேழு சம்மன்களைச்
சீட்டுக்கட்டு மாதிரி விரித்து
விசிறிக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து நானும் தாராளமாக விளக்கடித்தேன்.
நாற்காலியைக் கடக்கும்வரை
வண்டியெல்லாம் கல்யாண ஊர்வலம்.
கடந்ததும்
விட்ட நேரத்தைப் பிடிக்கப் பறக்கும்.

ஜூலையில் குணாளன் போனான்.
கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து
மோட்டாரில் வீட்டுக்குத் திரும்பியவன்.
கூடையில் அரைக்கிலோ கெம்போங் மீன்.
மூணாங்கட்டை வளைவில்
மீன்கூட ஒன்றும் கிடைக்கவில்லை என்றார்கள்,
நாய்கள் முந்திக்கொண்டனவாம்.

அடித்த காரை ரொஸ்லான் பார்த்திருக்கிறார்,
நாலு நிமிடம் முன்னால்.
சரியாக அறுபத்தெட்டில் போனதாம்.
ஓட்டியவன் கையும் ஆட்டினானாம்.

யாரோ அவனுக்கு விளக்கடித்திருக்கிறார்கள்.
அன்று காலை
நான் ஐந்து பேருக்கு அடித்தேன்.
ஐந்தும் என்ன நிறம் என்று
இன்னமும் எண்ணிப் பார்க்கிறேன்,
இரண்டுக்குமேல் நினைவில்லை.

அதற்குப் பிறகு நான் அடிக்கும் இடம் மாறியது.
நாற்காலிக்கு முன்னால் இல்லை.
வளைவுக்கு முன்னால்.
அங்கே போலீஸ் இல்லை, குடை இல்லை,
தண்ணீர் தேங்கும் ஒரு கால்வாய்,
யாரோ வைத்துக் காய்ந்துபோன செவ்வந்தி மாலை.
பொய்தான்.
ஆனால் பிரேக் விளக்குகள்
ஒன்றன்பின் ஒன்றாய்ச் சிவக்கும் பின்கண்ணாடியில்.

நாசி லெமாக் கடையில் ரொஸ்லான் கேட்டார்:
'காக், மூணாங்கட்டையில எங்க ஆளுங்க நிக்கிறதே இல்லையே,
யாருக்கு அடிக்கிறீங்க?'
'நீங்க ஏன் அங்க நிக்கிறதில்ல?' என்றேன்.
'வளைவுல கருவிக்குக் கண் தெரியாது.
நேர் சாலைதான் வேணும்.'
சாப்பிட்ட தாளை நாலாய் மடித்தார்,
பிறகு எட்டாய்.
சம்மன் எழுதவில்லை.
தே ஓவுக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்துப் போனார்.

போன வியாழன் எனக்குத் தாமதம்.
ஏழரைக்கு மணி அடித்துவிடும்,
வாசல் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.
மழை வேறு.
மூணாங்கட்டை நெருங்குகையில்
எதிரே வந்த வெள்ளைப் புரோட்டான்,
எனக்கு அறிமுகமே இல்லாத வண்டி,
இரண்டு தரம் கண் சிமிட்டியது.

அங்கே ஒருவரும் இல்லை என்று
இந்த ஊரிலேயே நிச்சயமாகத் தெரிந்தவள் நான்.
கால் தானாகத் தூக்கிக்கொண்டது.

பின்சீட்டிலிருந்து கவினயா எட்டிப் பார்த்தாள்:
'ஆன்ட்டி, யாரு இருக்கா அங்க?'

'இருக்காங்க' என்றேன்,
வைப்பரை வேகமாக்கிக்கொண்டு.